கைக்குழந்தைக்கு ஞானஸ்நானம்: பெற்றோர் கேட்கும் கேள்விகள்

எங்கள் சேகரத்தில் (ஒரு குருவானவரின் பொறுப்பில் உள்ள சபை வட்டாரம்) ஞானஸ்நான ஆராதனைக்கு முந்தின சனிக்கிழமை சாயங்காலம், பெற்றோரையும், பிள்ளையை விசுவாசத்தில் வளர்க்க அவர்களோடு பொறுப்பேற்கும் ஞானப் பெற்றோரையும் உட்கார வைத்து ஒரு மணி நேரம் பேசுவோம். பல வருஷங்களாக அந்த வகுப்பை நான் எடுத்துவருகிறேன். தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்தவன், திருநெல்வேலிக்காரன், குருவானவர் இல்லை. வகுப்பில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளையும், கூச்சப்பட்டு வாசலில் நிறுத்திக் கேட்கிற கேள்விகளையும் இங்கே எழுதியிருக்கிறேன். மற்ற சபையார் வேறு மாதிரி நம்பும் இடங்களில் அதையும் சொல்லியிருக்கிறேன்.

ஞானஸ்நானம், திருமுழுக்கு, முழுக்கு எல்லாம் ஒன்றுதானா?

ஒன்றுதான். புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தில் உள்ள ‘பாப்டிசோ’ என்ற வினைக்கு முக்குதல், அமிழ்த்துதல், கழுவுதல் என்று பொருள். புராட்டஸ்டண்ட் சபைகளில் ‘ஞானஸ்நானம்’ நிலைத்துவிட்டது. கத்தோலிக்கர் இப்போது ‘திருமுழுக்கு’ என்கிறார்கள். 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பிலும் அந்தச் சொல்தான். பெந்தெகொஸ்தே சபையார் ‘முழுக்கு ஞானஸ்நானம்’ என்று அழுத்திச் சொல்வது, தலையில் ஊற்றுவதிலிருந்து பிரித்துக் காட்டுவதற்காக.

அந்தத் தண்ணீரில் அப்படி என்ன இருக்கிறது?

குழாய்த் தண்ணீர்தான். எருசலேம் பயணம் போய்வந்த சிலர், இயேசு ஞானஸ்நானம் பெற்ற யோர்தான் ஆற்றின் தண்ணீரைச் சின்ன பாட்டிலில் கொண்டுவந்து, “இதையும் கொஞ்சம் சேர்த்துக்கிடுங்க ஐயா” என்பார்கள். சேர்க்கலாம், தப்பில்லை. சேர்ப்பதால் எதுவும் கூடாது, சேர்க்காததால் எதுவும் குறையாது. ஜெர்மன் சீர்திருத்தவாதி லூத்தர் 1529இல் வீட்டுப் பிள்ளைகளுக்காக எழுதிய சிறிய ஞானோபதேசத்தில் (கேள்வி-பதில் போதனைப் புத்தகம்) இதே கேள்வியை எடுத்துக்கொள்கிறார். தண்ணீர் தானாக எதையும் செய்வதில்லை. தண்ணீரோடு சேர்ந்த தேவ வார்த்தையும், அந்த வார்த்தையை நம்பும் விசுவாசமுமே செய்கின்றன என்பது அவர் பதில்.

கழுவுதல் என்ற பொருள் எல்லாருக்கும் உடனே பிடிபடும். ரோமர் 6ஆம் அதிகாரத்தில் பவுல் சொல்வதுதான் நம்மை நிறுத்திவைக்கும்: ஞானஸ்நானம் பெற்றவர்கள் கிறிஸ்துவோடுகூட மரித்து, அடக்கம்பண்ணப்பட்டு, புது ஜீவனுக்கு எழுந்தவர்கள். தொட்டிலில் கிடக்கிற பிள்ளையைப் பற்றிப் பேசும்போது சாவை ஏன் இழுக்கிறீர்கள் என்று ஒரு பாட்டியம்மா என்னைக் கடிந்துகொண்டார்கள். நான் அவரிடம் கேட்டேன்: நம் வீட்டில் ஒரு மனிதனை மற்றவர்கள் குளிப்பாட்டிவிடுவது எப்போது? பிறந்ததும் குளிப்பாட்டுகிறோம். செத்ததும் குளிப்பாட்டுகிறோம். இரண்டு வேளையிலும் அவனால் எதுவும் செய்ய முடியாது, அடுத்தவர் கையில் கிடக்கிறான். ஞானஸ்நானத் தொட்டியில் அந்த இரண்டு குளியலும் ஒரே நேரத்தில் நடக்கிறது. பாட்டியம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், “சரிதான், எங்க அம்மாவ நான்தான் குளிப்பாட்டினேன்” என்றார்கள்.

எதுவுமே தெரியாத குழந்தைக்கு எதற்கு? வளர்ந்து அதுவே முடிவு செய்யட்டுமே?

இதுதான் பெரிய கேள்வி. கேட்பவர்கள் பலர் படித்த இளம் தகப்பன்மார். பிள்ளையின் சுதந்திரத்தை மதிக்கிற நல்ல எண்ணத்தில்தான் கேட்கிறார்கள்.

ஞானஸ்நானம் நான் கடவுளுக்குக் கொடுக்கும் வாக்கு என்று மட்டும் பார்த்தால், பேசத் தெரியாத பிள்ளைக்கு அது பொருந்தாது. பாப்டிஸ்ட், பிரதரன், பெந்தெகொஸ்தே சபைகள் அப்படித்தான் பார்க்கின்றன: முதலில் விசுவாசம், பிறகு ஞானஸ்நானம். பிறந்த பிள்ளையை அவர்கள் சபை முன் கொண்டுவந்து ஜெபித்துப் பிரதிஷ்டை செய்வார்கள், தண்ணீர் கொடுக்கமாட்டார்கள். அவர்களுடைய வழக்கில் ஒரு நேர்மை இருக்கிறது, அதை நான் குறைத்துப் பேசமாட்டேன்.

கத்தோலிக்கர், ஆர்த்தடாக்ஸ், லூத்தரன், ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், எங்கள் திருச்சபை எல்லாரும் வேறிடத்தில் தொடங்குகிறோம். முதலில் பேசுகிறவர் கடவுள். குழந்தை கேட்பதற்கு முன்பே தாய் அதோடு பேசுகிறாள். அர்த்தம் தெரிந்த பிறகுதான் தாலாட்டுப் பாடுவேன் என்று எந்தத் தாயும் காத்திருப்பதில்லை. பாடப் பாடத்தான் பிள்ளைக்குப் பேச்சே வருகிறது. “நீ என் பிள்ளை” என்று கடவுள் சொல்வதும் அப்படித்தான். பிள்ளை அதற்குப் பதில் சொல்வதற்கு ஒரு ஆயுசு இருக்கிறது. பதில் சொல்லாமலும் போகலாம். அந்தச் சுதந்திரத்தை ஞானஸ்நானம் பறிப்பதில்லை.

அதனால்தான் அன்றைக்குக் கேள்வி பெற்றோரிடம் கேட்கப்படுகிறது. பிசாசின் கிரியைகளை விட்டுவிடுகிறீர்களா, விசுவாசிக்கிறீர்களா, இந்தப் பிள்ளையைக் கிறிஸ்தவ விசுவாசத்தில் வளர்ப்பீர்களா. அந்தப் பதிலை வாய் மட்டும் சொல்லி வீட்டில் ஒன்றும் நடக்காவிட்டால், ‘தெரியாத குழந்தைக்கு எதற்கு’ என்று கேட்பவர்கள் சொல்வதுதான் சரியாகிவிடும். பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுக்கும் சபைகளின் மெய்யான பலவீனம் இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். வேத வசனத்தில் நாம் தோற்பதில்லை, ராத்திரி சாப்பாட்டுக்கு முன் ஜெபம் இல்லாத வீடுகளில் தோற்கிறோம்.

குழந்தைக்குக் கொடுத்ததாக வேதாகமத்தில் எங்காவது இருக்கிறதா?

‘இன்ன குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்தார்கள்’ என்று நேராகச் சொல்லும் வசனம் இல்லை. இதை மறைத்துப் பேசக்கூடாது. அப்போஸ்தலர் நடபடிகளில் பெயர் சொல்லப்படுகிறவர்கள் பெரியவர்கள்: எத்தியோப்பிய மந்திரி, கொர்நேலியு, லீதியாள், பிலிப்பியின் சிறைச்சாலைக்காரன். ஆனால் லீதியாளோடு அவள் வீட்டாரும், சிறைச்சாலைக்காரனோடு அவனுடையவர்கள் எல்லாரும் பெற்றார்கள். ஸ்தேவானுடைய வீட்டாருக்குக் கொடுத்ததாகப் பவுலும் எழுதுகிறார். அந்த வீடுகளில் கைக்குழந்தை இருந்ததா என்பது எழுதப்படவில்லை. இல்லை என்றும் எழுதப்படவில்லை.

“மனந்திரும்பி... ஞானஸ்நானம் பெற்றுக்கொள்ளுங்கள்” என்ற பேதுருவின் பேச்சை ஒரு சாரார் எடுத்துக்காட்டுவார்கள். அதற்கு அடுத்த வசனத்தில் வாக்குத்தத்தம் “உங்களுக்கும் உங்கள் பிள்ளைகளுக்கும்” என்று வருவதை மற்றவர்கள் காட்டுவார்கள். கொலோசெயர் 2இல் விருத்தசேதனத்தையும் ஞானஸ்நானத்தையும் பவுல் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறார். விருத்தசேதனம், அதாவது யூத ஆண் பிள்ளையின் நுனித்தோலை நீக்கும் உடன்படிக்கைச் சடங்கு, எட்டாம் நாள் பிள்ளைக்குச் செய்யப்பட்டது. இயேசு சிறு பிள்ளைகளை அணைத்து ஆசீர்வதித்த பகுதியை எங்கள் ஆராதனையில் வாசிக்கிறோம். அங்கே தண்ணீர் இல்லை, தடைபண்ணாதிருங்கள் என்ற அவருடைய கோபம் இருக்கிறது. எனக்கு அது போதும்.

ஆதிச் சபையில் எப்படி இருந்தது?

இரண்டு வழக்கமும் இருந்தது. கி.பி. 200 வாக்கில் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரில் எழுதிய சபை எழுத்தாளர் தெர்த்துல்லியன், பிள்ளைகளுக்கு அவசரப்பட்டுக் கொடுக்காதீர்கள் என்றார். வேண்டாம் என்று ஒருவர் வாதாடினால், அது நடந்துகொண்டிருந்தது என்றுதானே அர்த்தம். அதற்கு அடுத்த தலைமுறையில் ஓரிஜென் என்ற வேத அறிஞர், இது அப்போஸ்தலரிடமிருந்தே வந்த வழக்கம் என்று எழுதினார். 253 வாக்கில் அதே கார்த்தேஜில் சிப்ரியன் தலைமையில் கூடிய ஆயர்கள், எட்டாம் நாள் வரைகூடக் காத்திருக்க வேண்டியதில்லை என்று முடிவு செய்தார்கள்.

ஆனாலும் நான்காம் நூற்றாண்டில் தள்ளிப்போட்டவர்கள் நிறைய. ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் 337இல் மரணப் படுக்கையில்தான் பெற்றார். பின்னாளில் ஆயரும் பெரிய இறையியலாளருமான அகஸ்டீன் சிறுவனாக நோயில் கிடந்தபோது ஏற்பாடு நடந்து, உடம்பு தேறியதும் அவருடைய அம்மா தள்ளிவைத்துவிட்டார். கடைசியில் 387இல், மிலான் நகரில், தன் மகனோடு சேர்ந்து பெற்றார். அதே அகஸ்டீன்தான் பின்னாளில் குழந்தை ஞானஸ்நானத்துக்காகப் பலமாக வாதாடினார்.

1525இல் சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் ஒரு சிறு கூட்டம், குழந்தையாகப் பெற்றது செல்லாது என்று ஒருவருக்கொருவர் ஞானஸ்நானம் கொடுத்துக்கொண்டது. அவர்களில் ஒருவரான பெலிக்ஸ் மான்ஸை நகர மன்றம் 1527 ஜனவரியில் லிம்மாத் ஆற்றில் மூழ்கடித்துக் கொன்றது. குழந்தை ஞானஸ்நானத்தை ஆதரிக்கும் எங்கள் தரப்பு ஆட்கள் செய்த கொலை அது. மாற்றுச் சபையாரோடு இந்த விஷயத்தைப் பேச உட்காரும்போது அந்த ஆறு என் நினைவுக்கு வராமல் இருப்பதில்லை.

தலையில் ஊற்றினால் போதுமா, முக்கி எடுக்க வேண்டுமா?

போதும். ‘டிடாக்கே’ என்ற மிகப் பழைய கிறிஸ்தவக் கையேடு (முதல் நூற்றாண்டின் கடைசியை ஒட்டியது என்பார்கள்) ஓடுகிற தண்ணீரில் கொடு என்கிறது. அது இல்லையென்றால் வேறு தண்ணீர், குளிர்ந்த தண்ணீர் முடியாவிட்டால் வெந்நீர், இரண்டும் போதாவிட்டால் தலையில் மூன்று முறை ஊற்று. ஒருமுறை டிசம்பர் மாதக் காலையில் ஓர் அம்மா பிளாஸ்கில் வெந்நீர் கொண்டுவந்து, ஊற்றலாமா என்று தயங்கி நின்றார். பிள்ளைக்கு இரண்டு மாதம். ஐயர் (குருவானவரை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்) வாங்கித் தொட்டியில் கலந்து, முழங்கையால் சூடு பார்த்துவிட்டுத்தான் ஆராதனையை ஆரம்பித்தார்.

ஆர்த்தடாக்ஸ் சபையார் கைக்குழந்தையையே தண்ணீரில் முக்கி எடுப்பார்கள், அன்றைக்கே நற்கருணையும் (கர்த்தருடைய பந்தியின் அப்பமும் ரசமும்) கொடுப்பார்கள். ஆக, முழுக்கு என்றால் பெரியவர்களுக்கு, ஊற்றுதல் என்றால் குழந்தைகளுக்கு என்ற கணக்கும் சரியில்லை. முழுக்கில் அடக்கமும் உயிர்த்தெழுதலும் கண்ணுக்கு நன்றாகத் தெரியும், அதை ஒப்புக்கொள்கிறேன்.

என்ன வார்த்தை சொல்லிக் கொடுக்க வேண்டும்?

பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் நாமத்தினாலே. தண்ணீரும் இந்த நாமமும் இருந்தால் பெரும்பாலான சபைகள் ஒன்றின் ஞானஸ்நானத்தை ஒன்று ஏற்கும். எங்களிடமிருந்து போகிறவருக்குக் கத்தோலிக்கத் திருச்சபை மறுபடி கொடுப்பதில்லை, நாங்களும் கொடுப்பதில்லை. ‘நான் கொடுக்கிறேன்’ என்பதற்குப் பதில் ‘நாங்கள் கொடுக்கிறோம்’ என்று சொல்லிக் கொடுத்தது செல்லாது என்று 2020இல் வத்திக்கான் அறிவித்தது. இயேசுவின் நாமத்தில் மட்டும் கொடுக்கும் பெந்தெகொஸ்தே பிரிவு ஒன்றும் உண்டு. நாகர்கோவில் பக்கம் நிறையப் பேர் இருக்கும் இரட்சணிய சேனை (சால்வேஷன் ஆர்மி) சபையில் தண்ணீர் ஞானஸ்நானமே கிடையாது.

சின்ன வயதில் பெற்றது செல்லாது என்கிறார்களே, மறுபடி எடுக்கலாமா?

இதற்கு என் கதையைச் சொல்லித்தான் பதில் சொல்ல வேண்டும். 22 வயதில் ஒரு வாலிபர் முகாமில், தொட்டிலில் பெற்றது வெறும் சடங்கு என்று கேட்டு உடைந்துபோனேன். அது மெய்யான அழுகை. அடுத்த மாதமே ஒரு விடியற்காலையில் தாமிரபரணியில் முழுக்கு எடுத்துவிட்டேன், வீட்டில் சொல்லவில்லை. ஈரத்துணியைப் பார்த்து அம்மா புரிந்துகொண்டார்கள். ஒரு வார்த்தையும் திட்டவில்லை. பீரோவைத் திறந்து, மடிப்பு கிழிந்துபோன என் ஞானஸ்நானச் சான்றிதழை எடுத்துவந்து மேஜைமேல் வைத்தார்கள். பிறந்த நாற்பத்தோராம் நாள். “அன்னைக்கு உனக்குக் காய்ச்சல். ஆஸ்பத்திரியிலிருந்து நேரா கோயிலுக்குத் தூக்கிட்டுப் போனேன். நீ பிழைப்பியான்னு தெரியாம உன்னை அவர் கையில குடுத்தேன்டா” என்றார்கள்.

அந்த ஆற்றில் கடவுள் என்னைத் தொடவில்லை என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் அதற்கு 22 வருஷம் முன்பே அவர் என்னைப் பிடித்திருந்தார் என்பது அன்றைக்குத்தான் விளங்கியது. அவர் கொடுத்த வாக்கை அவர் மறக்கவில்லை, மறந்தவன் நான்.

அதனால் மறுபடி எடுக்க வேண்டாம் என்பதே என் பதில். “ஒரே கர்த்தரும், ஒரே விசுவாசமும், ஒரே ஞானஸ்நானமும்” என்று எபேசியரில் வாசிக்கிறோம். எபேசுவில் பவுல் பன்னிரண்டு பேருக்கு மறுபடி கொடுத்தாரே என்றால், அவர்கள் முன்பு பெற்றது யோவான் ஸ்நானகனின் ஞானஸ்நானம், இயேசுவின் நாமத்தில் அல்ல. லூத்தர் சந்தேகம் வரும்போதெல்லாம் ‘நான் ஞானஸ்நானம் பெற்றவன்’ என்று சொல்லித் தன்னைத் திடப்படுத்திக்கொள்ளச் சொன்னார். உள்ளத்தில் புதிதாக ஏதோ நடந்திருக்கிறது, அதைச் சபை முன் சொல்ல வேண்டும் என்று துடிக்கிறதா? சேகர குருவிடம் போங்கள். சாட்சி சொல்லலாம், ஞானஸ்நான வாக்குறுதிகளைப் புதுப்பிக்கலாம்.

ஏற்கெனவே மறுபடி எடுத்துவிட்டவர்களை வீட்டில் ஒதுக்காதீர்கள். கணவன் ஒரு சபை, மனைவி ஒரு சபை என்று இதனாலேயே பேச்சு நின்ற வீடுகளை எனக்குத் தெரியும். 1970இல் உருவான வட இந்தியத் திருச்சபையில் பாப்டிஸ்டுகளும் சேர்ந்தார்கள்; குழந்தை ஞானஸ்நானம், விசுவாசியின் ஞானஸ்நானம் இரண்டையும் ஒரே சபைக்குள் வைத்து, ஒருவருக்கு இரண்டு தடவை மட்டும் இல்லை என்று ஏற்பாடு செய்துகொண்டார்கள். ஒரு திருச்சபையால் முடிந்தது ஒரு குடும்பத்தால் முடியும்.

ஞானஸ்நானம் பெறாமல் இறந்துபோன குழந்தை?

இதை யாரும் வகுப்பில் கேட்பதில்லை. எல்லாரும் போன பிறகு, செருப்பைப் போட்டுக்கொண்டே கேட்பார்கள்.

உங்கள் பிள்ளை கடவுளிடம் இருக்கிறது. தண்ணீர் நமக்குக் கொடுக்கப்பட்டது, கடவுளுடைய கையைக் கட்டிப்போட அல்ல. சிலுவையில் பக்கத்தில் தொங்கிய கள்ளன் ஞானஸ்நானம் இல்லாமல்தான் பரதீசுக்குப் போனான். ஞானஸ்நானம் பெறாமல் இறந்த குழந்தைகள் போய்ச் சேருமிடம் என்று ‘லிம்போ’ என்ற ஓரிடத்தைப் பற்றிக் கத்தோலிக்கர் நடுவே நீண்ட காலம் பேச்சு இருந்தது. அது விசுவாசக் கோட்பாடாக ஒருபோதும் அறிவிக்கப்படவில்லை. வத்திக்கானின் இறையியல் குழு 2007இல் வெளியிட்ட ஆவணம், அந்தக் குழந்தைகள் மீட்கப்படுவார்கள் என்று நம்புவதற்கு வலுவான காரணங்கள் உண்டு என்றது.

குழந்தை உயிருக்குப் போராடும்போது குருவானவர் வரும்வரை காத்திருக்க வேண்டாம். தகப்பனோ தாயோ நர்ஸோ, தண்ணீரைத் தொட்டு நெற்றியில் விட்டு அந்த நாமத்தைச் சொன்னால் அது முழு ஞானஸ்நானம். பிழைத்து வந்தால் மறுபடி கொடுப்பதில்லை; கோயிலுக்குக் கொண்டுவந்து சபை வரவேற்றுப் பதிவேட்டில் எழுதும்.

ஞானப் பெற்றோராக யாரைப் போடலாம்?

தாய்மாமனைத்தான் போட வேண்டும் என்று சட்டம் இல்லை. சங்கிலி போடுகிறவரைத் தேடாதீர்கள். பிள்ளைக்குப் பதினைந்து வயதில் அப்பாவோடு சண்டை வந்தால் யார் வீட்டுக் கதவைத் தட்டும்? அவரைப் போடுங்கள்.

ஞானஸ்நானம் பெற்றால் சாதிச் சான்றிதழ் என்னாகும்?

1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி பட்டியல் சாதித் தகுதி முதலில் இந்துக்களுக்கு மட்டும் இருந்தது. 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் விரிந்தது. கிறிஸ்தவருக்கு இன்றுவரை இல்லை. தமிழ்நாட்டில் பட்டியல் சாதியிலிருந்து கிறிஸ்தவரானவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார்கள். 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில் அவருக்குப் பட்டியல் சாதிச் சான்று இல்லை என்றது. அவர் கைக்குழந்தையாக இருந்தபோது பெற்ற திருமுழுக்குப் பதிவும் அங்கே சாட்சியாக வைக்கப்பட்டது.

பதிவேட்டில் எழுதாமல் கொடுக்க முடியுமா என்று கேட்டுவந்த தகப்பன்மார் உண்டு. முடியாது என்று ஐயர் சொல்லும்போது பக்கத்தில் நிற்பதே வேதனை. அந்தத் தகப்பனை நான் குறை சொல்லமாட்டேன். அவருடைய தெருவில் அவர் கிறிஸ்தவரான பிறகும் எதுவும் மாறவில்லை, சான்றிதழில் மட்டும் மாறிவிட்டது.

சபைக்கும் இதில் பங்கு உண்டு. தரங்கம்பாடியில் ஜெர்மன் மிஷனரி சீகன்பால்க் 1707 மே மாதம் முதன்முதலாக ஞானஸ்நானம் கொடுத்தது டேனியர் வீடுகளில் வேலைசெய்த ஐந்து அடிமைகளுக்கு. இன்று கத்தோலிக்கர் புனிதராக வணங்கும் தேவசகாயம் பிள்ளை 1745இல் திருமுழுக்குப் பெற்ற வடக்கன்குளத்தில், பின்னாளில் ஆலயத்துக்குள்ளேயே சாதிவாரியாக உட்காரச் சுவர் எழுந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் அது இடிக்கப்பட்டது. ஒரே தொட்டித் தண்ணீரில் பிள்ளையைக் காட்டிவிட்டு, கல்லறைத் தோட்டத்தில் வேறு வரிசை கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். யூதனென்றும் கிரேக்கனென்றுமில்லை என்று பவுல் கலாத்தியருக்கு எழுதியது, ஞானஸ்நானத்தைப் பற்றிப் பேசிய வசனத்துக்கு அடுத்த வசனம்.

என்னவெல்லாம் கொண்டுவர வேண்டும்?

பிறப்புச் சான்றிதழ் நகல், பெற்றோரின் திருமணச் சான்று, வேறு சேகரமாக இருந்தால் அங்கிருந்து ஒரு கடிதம். வெள்ளைத் துணி பருத்தியாக இருக்கட்டும். சரிகை பிள்ளையின் கழுத்தை அறுக்கும். பால் கொடுத்துவிட்டுக் கொண்டுவாருங்கள். அழுதால் அழட்டும், சபையில் யாருக்கும் அது தொந்தரவு இல்லை. பிரியாணி உங்கள் இஷ்டம், கடன் வாங்கிப் போடாதீர்கள்.

அதற்கப்புறம் நாங்கள் செய்ய வேண்டியது?

வளர்ந்து, படித்து, தன் வாயால் விசுவாசத்தை அறிக்கை செய்யும் நாள் திடப்படுத்தல் (கத்தோலிக்கர் உறுதிப்பூசுதல் என்பார்கள்). அதற்கு முன் பத்துப் பன்னிரண்டு வருஷம் உங்கள் கையில் இருக்கிறது. தினமும் சின்னதாக ஒரு ஜெபம், பிள்ளை கேட்கும்படி சத்தமாக. அப்புறம், பிறந்தநாளைக் கொண்டாடுகிற மாதிரி ஞானஸ்நான நாளையும் பிள்ளைக்குச் சொல்லுங்கள். கேக் வேண்டாம். அன்றைக்கு யார் தூக்கிவைத்திருந்தார்கள், அழுதாயா, தண்ணீர் பட்டதும் ஐயரின் அங்கியை எப்படிப் பிடித்து இழுத்தாய் என்று சொல்லுங்கள். சான்றிதழை பீரோவில் எங்கே வைத்திருக்கிறீர்கள் என்பதும் பிள்ளைக்குத் தெரிந்திருக்கட்டும்.